விடுதிக் கதவும் 14ஆவது திருத்தமும்: அமெரிக்காவில் வீழ்த்தப்பட்ட சட்டம் நம் அரசமைப்புக்குள் வந்த வரலாறு

முதலாம் வட்டமேசை மாநாடு 1930 நவம்பரில் இலண்டனில் தொடங்கியது. அம்மாநாட்டின் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாகக் கையொப்பமிட்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அளித்தனர். எட்டு நிபந்தனைகள் கொண்ட அத்திட்டத்தில் முதலாவது, சமக் குடியுரிமை. கோரிக்கைகள் பலவற்றுக்கு முன்னுதாரணமான சட்டம் எது என்பதையும் அவர்கள் குறிப்பிட்டிருந்தனர். அவற்றுள் மூன்று அமெரிக்காவிலிருந்து வந்தவை: அரசமைப்பின் 14ஆவது திருத்தம், 1866 ஏப்ரல் 9ஆம் நாளின் குடிமை உரிமைச் சட்டம், 1875 மார்ச் 1ஆம் நாளின் குடிமை உரிமைச் சட்டம்.

இவற்றுள் மூன்றாவது சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இலேயே செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. வீழ்த்தப்பட்டு 47 ஆண்டுகள் ஆன சட்டத்தை இருவரும் ஏன் முன்னுதாரணமாகக் காட்டினர்? கொலம்பியாவில் பயின்று, இலண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்ற அம்பேத்கர் இதை அறியாமல் செய்தார் என்று நம்மால் கருத முடியவில்லை. இக்கேள்விக்கு விடை காண 14ஆவது திருத்தத்தின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

குடிமக்கள் அல்லாதோர்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் 1857 மார்ச் 6 அன்று தீர்ப்பளித்தது. அடிமை முறை இல்லாத பகுதியில் வாழ்ந்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று வழக்கிட்டவர் டிரெட் ஸ்காட். தலைமை நீதிபதி ரோஜர் டேனி அவ்வழக்கை மட்டும் தள்ளுபடி செய்யவில்லை. ஆப்பிரிக்க வழிவந்தோர் அடிமையாயினும் விடுதலை பெற்றவராயினும் ஐக்கிய அமெரிக்காவின் குடிமக்களாக முடியாது என்றும் கூறினார். எந்த மண்ணில் பிறந்தார்கள் என்பது பொருட்டல்ல, யாருக்குப் பிறந்தார்கள் என்பதே பொருட்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். இந்தத் தர்க்கம் நமக்கு நன்கு பழக்கமானது.

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் அடிமை முறை ஒழிந்த அதே மாதங்களில் தென்மாநிலச் சட்டமன்றங்கள் 'கறுப்பர் சட்டத் தொகுப்புகள்' என்று அழைக்கப்பட்டவற்றை இயற்றின. மிசிசிப்பியில் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் கறுப்பினத்தவர் தமக்கு வேலை உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் அவர் 'நாடோடி'. தண்டம் விதிக்கலாம், கட்ட முடியாவிட்டால் அவருடைய உழைப்பை வாடகைக்கு விடலாம். நகர எல்லைக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் தடை. தென் கரோலினாவிலோ, உழவு வேலையும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்ய விரும்பும் கறுப்பினத்தவர் 10 டாலர் முதல் 100 டாலர் வரை ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். பிறப்பே தொழிலைத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு அங்கே மனுவின் பெயர் தேவைப்படவில்லை.

கறுப்பின மக்கள் இதை அமைதியாக ஏற்கவில்லை. 1865 நவம்பரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் மாநாடு கூட்டித் தம் உரிமைகளைத் தீர்மானங்களாக முன்வைத்தனர். 1866 பிப்ரவரியில் ஃபிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட குழுவினர் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனை நேரில் சந்தித்து வாக்குரிமை கோரினர், அவர் மறுத்தார். 14ஆவது திருத்தத்தை வெள்ளைத் தலைவர்களின் பெருந்தன்மையாக எழுதும் நூல்கள் இந்த மனுக்களையும் மாநாடுகளையும் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

1866இல் காங்கிரஸ் குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்க மண்ணில் பிறந்தோர் குடிமக்கள். ஒப்பந்தம் செய்ய, வழக்கிட, சாட்சி சொல்ல, சொத்து வாங்க, விற்க, குத்தகைக்கு எடுக்க வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை அவர்களுக்கும் உண்டு என்றது அச்சட்டம். ஜான்சன் ஒப்புதல் மறுத்தார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் காங்கிரஸ் அம்மறுப்பை முறியடித்தது. எனினும் ஒரு சாதாரணச் சட்டத்தை அடுத்த பெரும்பான்மை நீக்கிவிடலாம். அதை அரசமைப்பிலேயே பதித்துவிட வேண்டும் என்ற அச்சத்திலிருந்துதான் திருத்தம் பிறந்தது.

திருத்தத்துக்குள் என்ன இருந்தது

15 உறுப்பினர் கொண்ட கூட்டுக் குழு வரைவைத் தயாரித்தது. முதற்பிரிவின் முக்கியச் சொற்கள் ஒஹையோ மாநிலத்தின் ஜான் பிங்ஹாம் எழுதியவை. குடியுரிமை வாக்கியம் செனட் அவையில் ஜேக்கப் ஹோவர்டு சேர்த்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட ஆளுகைக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்றது அவ்வாக்கியம். டிரெட் ஸ்காட் தீர்ப்பு அங்கே முடிந்தது. அடுத்த வாக்கியம் மாநிலங்களுக்கு மூன்று தடைகளை விதித்தது: குடிமக்களின் சலுகைகளைக் குறைக்கக் கூடாது, உரிய சட்ட நடைமுறையின்றி உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றைப் பறிக்கக் கூடாது, எவருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது. இந்தியாவில் நம் 14ஆவது உறுப்பில் உள்ள 'சட்டங்களின் சமப் பாதுகாப்பு' என்ற தொடர் இங்கிருந்து வந்ததுதான். எண்ணும் 14 என்பது தற்செயல்.

மற்ற பிரிவுகளை இன்று பலர் மறந்துவிட்டனர். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித்தான் முன்பு தென்மாநிலங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் அவர்கள் முழுமையாக எண்ணப்படுவர். அதனால், வாக்குரிமையே தராமல் தென்மாநில வெள்ளையர் கூடுதல் இடங்களைப் பெறும் வாய்ப்பு உருவானது. வாக்குரிமையை மறுத்தால் அதற்கேற்ப இடங்கள் குறையும் என்றது இரண்டாம் பிரிவு. அந்தத் தண்டனை ஒருமுறைகூட நடைமுறைப்படுத்தப்படவில்லை. 'ஆண்' என்ற சொல் அமெரிக்க அரசமைப்பில் முதன்முறையாக நுழைந்ததும் இப்பிரிவில்தான். எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் அந்தோணியும் அதனாலேயே திருத்தத்தை எதிர்த்தனர்.

நான்காம் பிரிவு நம் கவனத்துக்குரியது. அடிமைகளை இழந்ததற்காக எவருக்கும் இழப்பீடு வழங்கப்படாது என்று அது அறிவித்தது. பிரிட்டன் 1830களில் தன் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியிருந்தது. நம் நாட்டில் ஜமீன்தாரி ஒழிப்பின்போது இழப்பீடு யாருக்குச் சென்றது, அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1866 ஜூனில் காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தத்தை டென்னசி தவிர்த்த தென்மாநிலங்கள் நிராகரித்தன. கறுப்பின ஆண்களும் வாக்களிக்கும் புதிய அரசுகளை அமைத்துத் திருத்தத்தை ஏற்றால்தான் மீண்டும் பிரதிநிதித்துவம் என்று 1867இல் காங்கிரஸ் நிபந்தனை விதித்தது. 1868 ஜூலை 9 அன்று லூசியானாவும் தென் கரோலினாவும் ஒப்புதல் அளித்ததும் தேவையான நான்கில் மூன்று பங்கு எட்டப்பட்டது. உள்நாட்டுப் போருக்கு முன் முதலில் பிரிந்து சென்ற மாநிலம் தென் கரோலினா. அதே மாநிலத்தின் கீழவையில் அப்போது கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

'பிறந்த அனைவரும்' என்ற சொற்களுக்குள் அனைவரும் வந்துவிடவில்லை. தன் பழங்குடியிலிருந்து விலகி ஒமாஹா நகரில் வாழ்ந்த ஜான் எல்க் என்ற பூர்வகுடி மனிதர் வாக்களிக்கச் சென்றபோது மறுக்கப்பட்டார். அவர் குடிமகன் அல்லர் என்று 1884இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 வரை ஆனது. மாறாக, சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் 1898இல் வென்றார். குடியேறியவர் எந்த இனத்தவராயினும் அவர்களுடைய குழந்தை மண்ணில் பிறந்தால் குடிமகனே என்பது அன்று நிலைநிறுத்தப்பட்டது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலாது. பிறப்பால் அல்லாமல் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவது அக்காலத்தில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழிவந்தோருக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அமிர்தசரஸில் பிறந்த பகத் சிங் திந்த் 1923இல் உச்ச நீதிமன்றத்தில் என்ன வாதிட்டார்? இந்த இனத் தடையே தவறு என்று அல்ல. தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டார். அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரைப் பார்க்கும் அதே கண்ணோடுதான் உயர்சாதி இந்து பூர்வகுடி இந்தியரைப் பார்க்கிறார் என்பதையே தமக்குச் சாதகமான சான்றாகவும் அவர் தரப்பு வைத்தது. வழக்கு தோற்றது. கடல் கடந்தும் சாதி எப்படிப் பயணிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் அரிது.

பிறப்பால் குடியுரிமை என்ற கோட்பாடு இன்று மீண்டும் தாக்கப்படுகிறது. 2025 ஜனவரி 20 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப், ஆவணமற்ற குடியேறிகளின் குழந்தைகளுக்கு அதை மறுக்கும் ஆணையைப் பிறப்பித்தார். கீழமை நீதிமன்றங்கள் தடை விதித்தன. நாம் அமெரிக்காவைச் சுட்டிக்காட்டும் முன் நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்திய மண்ணில் பிறப்பதே ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. 1986 திருத்தம் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றது. 2003 திருத்தம், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்தது. அரசமைப்பிலேயே பதிக்கப்படாத உரிமைக்கு என்ன நேரும் என்று 1866இல் அஞ்சினார்களோ அதுவே இங்கு நேர்ந்தது.

1883: நீதிமன்றம் கதவை மூடியது

இனி 1875ஆம் ஆண்டுச் சட்டம். மாசசூசெட்ஸின் சார்ல்ஸ் சம்னர் பல ஆண்டுகள் அதற்காகப் போராடி, அது நிறைவேறும் முன்பே இறந்தார். தென் கரோலினாவிலிருந்து தேர்வான கறுப்பின உறுப்பினர் ராபர்ட் பிரவுன் எலியட் 1874 ஜனவரியில் அதற்காக அவையில் ஆற்றிய உரை அக்காலத்தில் புகழ்பெற்றது. விடுதிகள், பொது ஊர்திகள், நாடக அரங்குகள் ஆகியவற்றில் நிறத்தால் எவரையும் விலக்கக் கூடாது. மீறியவர் பாதிக்கப்பட்டவருக்கு 500 டாலர் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஓராண்டு வரை சிறையும் உண்டு என்றது அச்சட்டம்.

ஆனால் அது நிறைவேறும் முன்பே திருத்தத்தின் வேர்கள் அறுபடத் தொடங்கியிருந்தன. 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது. கொல்லப்பட்டோரில் பலர் சரணடைந்தவர்கள். கூட்டாட்சிச் சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்கள் மூவர் மட்டுமே. அவர்களுக்கான தண்டனையும் 1876இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 14ஆவது திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அந்த வாதம் 1883 அக்டோபர் 15 அன்று முழு வடிவம் பெற்றது. ஐந்து வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. கன்சாசிலும் மிசௌரியிலும் விடுதி, நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அரங்கு, டென்னசியில் மகளிர் இரயில் பெட்டியில் ஏறவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண். ஐந்து வழக்குகளில் மூன்று தெற்கே கால் வைக்காதவை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஜோசப் பிராட்லி, எந்த 'மாநிலமும்' மறுக்கக் கூடாது என்றுதான் திருத்தம் சொல்கிறது, விடுதிக்காரர் மாநிலம் அல்லர், ஆகவே காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை என்றார். அடிமை நிலையிலிருந்து மீண்டவர் ஏதோ ஒரு கட்டத்தில் வெறும் குடிமகனாக வேண்டும், சட்டத்தின் தனிச் செல்லப்பிள்ளையாகத் தொடரக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். அடிமை முறை ஒழிந்து அப்போது 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்னும் எத்தனை காலம் இந்தச் சலுகை என்று கல்லூரி வளாகங்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு எவ்வளவு வயதாகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மறுத்து எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன். கெண்டக்கியில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தவர். இரயிலும் விடுதியும் பொதுமக்களுக்குப் பணியாற்றுவதற்காக அரசின் அனுமதியுடன் நடப்பவை, அவற்றை முழுவதும் தனியார் விவகாரம் என்று எப்படி ஒதுக்க முடியும் என்று அவர் கேட்டார். விலக்கி வைப்பது அடிமை முறையின் எஞ்சிய தழும்பு என்றும் கூறினார். அவரை முழு வீரராக்கிவிட வேண்டாம். வோங் கிம் ஆர்க் வழக்கில் குடியுரிமை மறுத்த இருவருள் அவரும் ஒருவர். 1896இல் பிளெசி வழக்கில் தனித்தனி இரயில் பெட்டிகளை நீதிமன்றம் ஏற்றபோது மீண்டும் அவர் மட்டுமே மறுத்தார். ஆக, தனியார் விலக்கினால் அது அரசின் செயல் அல்ல என்று 1883இல் தள்ளினார்கள்; அரசே விலக்கினால் அது சமம்தான் என்று 1896இல் ஏற்றார்கள்.

இருவர் சேர்த்த சொற்கள்

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்கியபோது அமெரிக்கத் தெற்கு இந்த நிலையில்தான் இருந்தது. விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் கைவிடப்பட்ட வரலாற்றை அவர் மறக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில், அவர்களுக்கு நேர்ந்ததைத் தீண்டப்படாதோர் மறக்க முடியாது என்று எச்சரித்தார். 1946இல் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார்.

இரட்டைமலை சீனிவாசன் வேறொரு களத்திலிருந்து வந்தவர். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர். அம்பேத்கருக்குப் பின்னால் 1927ஆம் ஆண்டின் மகாத் குளம் இருந்தது. இருவரும் அமெரிக்கச் சட்டத்தின் விடுதி, ஊர்தி, அரங்கு என்ற பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சாலை, பாதை, தெரு, குளம், கிணறு, நீர்நிலை, கல்வி நிலையம் ஆகியவற்றை அதில் சேர்த்தார்கள். தடுப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை கேட்டார்கள். 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒப்பந்த உரிமை, குத்தகை உரிமை, சாட்சி உரிமை ஆகியவற்றையும் சேர்த்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் இல்லாத இன்னொன்று ஊர்விலக்கு. அதற்குப் பர்மாவின் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னுதாரணமாகக் காட்டி, ஊர்விலக்கம் செய்வது, தூண்டுவது, மிரட்டுவது மூன்றும் குற்றம் என்றார்கள்.

திருத்தத்தை மட்டும் மேற்கோள் காட்டியிருந்தால் பிராட்லியின் தீர்ப்பும் கூடவே வந்திருக்கும். அரசு உன்னைச் சமமாக நடத்தும், ஊர் எப்படி நடத்துகிறது என்பது எங்கள் வேலையல்ல என்ற பதில் காத்திருந்தது. நம் மக்களைக் கிணற்றிலிருந்து துரத்தியது ஊர். ஆகவே வீழ்த்தப்பட்ட சட்டத்தையும் உடன் வைத்தார்கள் என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை இதை ஏற்றது. இன்றைய 15ஆவது உறுப்பின் இரண்டாம் கூறில் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் உள்ளன. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. யார் கடைப்பிடித்தாலும் குற்றம் என்றது. 'அரசு' என்ற சொல்லை அதில் தேடினாலும் கிடைக்காது. 'கடை' என்றால் எதுவரை என்று அவையில் கேட்கப்பட்டபோது, தம் சேவையை நாடி வருவோர் எவருக்கும் அதை அளிக்க முன்வரும் இடம் எதுவும் கடைதான் என்றார் அம்பேத்கர். மருத்துவரும் வழக்கறிஞரும் அடங்குவரா என்றதற்கு, நிச்சயமாக என்றார். முடிதிருத்தகமும் சலவைக் கடையும் இரட்டைக் குவளைத் தேநீர்க் கடையும் இந்த விளக்கத்துக்குள் அன்றே வந்துவிட்டன.

அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றுவரை நீக்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் விடுதிகளைத் திறந்தபோது, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் துணையால்தான் அது உச்ச நீதிமன்றத்தில் நின்றது. கறுப்பினப் பயணியின் மானத்தைக் காக்க அவரைச் சரக்குப் போக்குவரத்தின் பகுதியாகக் காட்ட வேண்டியிருந்தது. நாம் அந்தச் சுற்றுவழியில் செல்லத் தேவையில்லாதபடி 1930இலேயே வழி அமைக்கப்பட்டது.

எழுத்தில் நாம் முந்தினோம், நடைமுறை வேறு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கோல்ஃபாக்ஸுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1973இல், சென்னை உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்த நிலவுடைமையாளர்களை விடுவித்தது. பெருநிலக்கிழார்கள் நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்றது தீர்ப்பு. அமெரிக்க நீதிமன்றம் சட்டம் எட்டாது என்று விடுவித்தது. இங்கே சட்டம் எட்டியது. அந்த மனிதர்கள் அப்படிச் செய்திருப்பார்கள் என்ற எண்ணம் நீதிபதிகளுக்கு எட்டவில்லை.

தண்டனையின் அளவையும் பார்க்கலாம். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் விதித்த உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை, 500 ரூபாய் தண்டம். 1875இல் 500 டாலர் பாதிக்கப்பட்டவர் கைக்குச் சென்றிருக்கும். நம் 500 ரூபாய் அரசுக் கருவூலத்துக்குச் சென்றது. 1976இல் அச்சட்டத்துக்குக் 'குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர் மாறியபோதும் அந்த உச்ச அளவுகள் மாறவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஐந்தாண்டு வரை என்ற தண்டனையைக் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொது நீர்நிலைகளையும் பாதைகளையும் பயன்படுத்தத் தடுப்பதையும், சமூக, பொருளாதார ஊர்விலக்கத்தையும், அதற்கான மிரட்டலையும் குற்றப் பட்டியலில் சேர்த்து, அதே ஐந்தாண்டு வரம்புக்குள் கொண்டுவந்தது. இலண்டனில் இருவர் எழுதிக் கொடுத்த ஊர்விலக்குப் பிரிவு 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது இரட்டைமலை சீனிவாசன் மறைந்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன.